ஆலங்கட்டியும் ஒரு மூட்டை உப்பும்

அப்பாவின் கடைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று தெரிந்துகொள்வோம். அன்று மதியம் கூரையில் எழுந்த சத்தம் அதையும் மீறியது. யாரோ மேலே ஏறி நின்று கூடை கூடையாய் ஜல்லியைக் கொட்டுவது போல இருந்தது.

சித்திரை மாதம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், எஸ்டேட் ரோடு பிரிகிற முக்கில் எங்கள் கடை. வாசலுக்கு வந்து பார்த்தேன். நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டிகள் தாரில் விழுந்து துள்ளிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ரோடு வெள்ளையாகிவிட்டது. காற்றில் நசுங்கிய தேயிலையின் பச்சை வாசனை. முன்பெல்லாம் அந்த வாசனை தேயிலை ஃபாக்டரியிலிருந்து வரும். அப்போது ஃபாக்டரி நின்றுபோயிருந்தது. கொழுந்து செடியிலேயே நசுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் தணிந்ததும் கடையிலிருந்த ஒரு ரூபாய் போன் அடித்தது. குன்னூர் ஐஸ்கிரீம் கடைக்காரர் பேசினார். வளைவில் பெரிய கற்பூர மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டதாம். ஐஸ்கிரீம் ஏற்றிய வண்டி பாதியிலேயே திரும்பிவிட்டதாம். மரத்தை அறுத்து எடுக்க மறுநாள் காலை ஆகுமாம். வருத்தப்பட்டுக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரில் முத்தம்மா நிற்கிறார். தலையில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார். அன்று காலையில்தான் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அவர் மகள் பார்வதிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு வரவேற்பு.

“வண்டி எத்தன மணிக்கு வருதாம் புள்ள?” என்று கேட்டார்.

கொடுத்த வாக்கு

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் சாக்கிலேயே சூடேறிக் கறுத்துப்போன காலம். சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டார்கள். எங்கள் முக்கை ஒட்டியிருந்த ஃபாக்டரி முதலில் வாரத்தில் இரண்டு நாள் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. எஸ்டேட்டில் வேலை நாட்கள் சுருங்கின. கல்யாணங்களும் சுருங்கின.

முத்தம்மா கொழுந்தெடுப்பவர். பத்து வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று பார்வதியை வளர்த்தார். பார்வதி பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம். அவளுக்குத் தேவாலாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார், மெக்கானிக். நல்ல மனிதர்கள். நகை, சீர் என்று எதையும் கேட்கவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் மாப்பிள்ளை கேட்கவில்லை, அவருடைய தாய்மாமன் பெருமாள் கேட்டார். அவர் மகள் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் வைக்காமல் விட்டதற்குச் சம்பந்தி வீட்டார் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். அந்தப் புண் ஆறாத மனிதர். பரிசம் போட்ட அன்று எல்லோர் முன்னாலும் சண்டை போடுகிற குரலில், “நாங்க ஒண்ணும் கேக்கல. ஐஸ்கிரீம் மட்டும் வெச்சிருங்க” என்றார். முத்தம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது பெருமாள் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. லயத்தில் அதுதான் பெரிய கூடம் என்பதால் வரவேற்பும் அங்கேதான். ஐஸ்கிரீம் வந்துவிட்டதா என்று அவர் இரண்டு தடவை விசாரித்துவிட்டாராம்.

போனில் வந்த செய்தியைச் சொன்னேன். முத்தம்மா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. சேலை முந்தானையால் முகத்தில் வழிந்த தண்ணீரை மட்டும் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. நான் இங்கயே கெடப்பேன். அவ அந்த ஊட்டுல போய் இருக்கணுமே” என்றார்.

ரோட்டில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்த ஆலங்கட்டியைப் பார்த்தேன். கடை வாசலில் இருந்த உப்பு மூட்டையைப் பார்த்தேன்.

உப்பு அழுகிற மாதம்

அந்த மூட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன். முடித்துவிட்டு வந்து இரண்டு வருஷம் கடையில் நின்றேன். எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. ‘கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு கல்லுப்பு நிறுத்துட்டிருக்குது’ என்று சிரிப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான் என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

கடையில் பொழுது போகாதபோது அந்த உப்போடுதான் என் படிப்பு. ஆனி, ஆடியில் மூட்டைக்குக் கீழே தண்ணீர் கசிந்து நிற்கும். உப்பு அழுகிறது என்பார் அப்பா. அழுவது உப்பு இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற மெக்னீசிய உப்புதான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது என்று நான் சொல்வேன். அப்பா நம்பவில்லை. ஒருநாள் கல்லுப்பைக் கெட்டியான உப்புத் தண்ணீரிலேயே கழுவிக் காயவைத்து ஒரு ஜாடியில் போட்டேன். தண்ணீர் ஏற்கெனவே வயிறு முட்ட உப்பைக் குடித்திருப்பதால் கல்லைக் கரைக்காது, ஒட்டியிருப்பதை மட்டும் அலசிக்கொண்டு போகும். அந்த வருஷம் ஆடி மழையில் அந்த ஒரு ஜாடி மட்டும் உதிரியாகவே இருந்தது. அப்பா வாயால் பாராட்டவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் ஜாடியைக் குலுக்கிக் காட்டினார்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியை இருந்தார். உப்பின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். உப்புக் கல்லுக்கு இரண்டு பக்கமும் கம்பியை வைத்தால் பல்பு எரியாது. அதையே தண்ணீரில் கரைத்தால் எரியும். பிறகு மூசைக் கிண்ணத்தில் போட்டு உலையில் காய்ச்சுவார். முதலில் படபடவென்று வெடிக்கும், கல்லுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வருகிற சத்தம் அது. எண்ணூறு டிகிரி தாண்டியதும், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உப்பே தண்ணீர் போல உருகி நிற்கும். அப்போதும் பல்பு எரியும். கல்லாக இருக்கும்போது உள்ளே கட்டிப்போட்டிருந்தவை இப்போது நடமாடுகின்றன என்பார். இன்னும் சூடேற்றிக்கொண்டே போனால் ஆவியாகவும் போகுமாம். அதை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை.

முத்தம்மாவுக்கு உப்பு வேறு காரியத்துக்கு. மழைக்காலத்தில் உப்பையும் புகையிலையையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். காலில் அட்டை ஏறினால் ஒரு ஒற்று ஒற்றுவார். அட்டையின் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் உப்பு வெளியே இழுக்க, அது சுருண்டு விழும். தேவாலாவில் அட்டை அதிகம் என்று கேள்விப்பட்டு, மகளின் சீர்ப் பெட்டியில் அப்படி ஒரு முடிச்சையும் வைத்திருந்தார்.

நம் கதைக்கு வருகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை ஐஸில் உப்பைக் கலந்து பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறக்கியிருந்தேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் செய்தது. இப்போது எதிரில் ரோடு நிறைய ஐஸ் கிடந்தது.

“பெரியம்மா, நாமளே செஞ்சுடலாம்” என்றேன்.

அப்பா கல்லாவிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொழுந்துக் கூடையில் கல்

பாலுக்குப் பஞ்சமில்லை. அதே மரத்தால் பால் வண்டியும் மேலே வரவில்லை. ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்த போஜன் அண்ணன் வீடு பக்கத்து ஹட்டியில், படுகர் ஊரில். வேலை இல்லாமல் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய பால் கேனோடு நிற்கிறது, கெட்டுப்போவதற்கு முன் கல்யாணத்துக்காவது ஆகட்டும் என்று நான்கு கேன்களை அனுப்பிவிட்டு அவரும் பின்னால் வந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாங்கி வைத்து விற்காமல் போன கஸ்டர்ட் பவுடர் டப்பாக்கள் கடையில் வரிசையாக இருந்தன. சமையல்காரர் பெரிய அடுப்பில் பாலைக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, கஸ்டர்டைக் கரைத்து ஊற்றினார்.

ஆலங்கட்டி உருகுவதற்குள் அள்ள வேண்டும். முத்தம்மா லயத்து வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தார். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். கொழுந்தெடுக்கிற அதே வேகம், அதே கை. செடிகளுக்கு நடுவில் குவிந்து கிடந்த கல்லை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக முன்னேறினார்கள்.

செடிகளைப் பார்க்கத்தான் முடியவில்லை. துளிர் எல்லாம் கிழிந்து தொங்கியது. ஒருத்தி, இலைக்குத்தான் விலையில்லை, இன்றைக்குக் கல்லையாவது நிறுத்துக் கொடுப்போம் என்றாள். சிரிப்பு தோட்டம் முழுக்கப் பரவியது. சிரித்துக்கொண்டே அள்ளினார்கள்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்புறம் நான்கு அண்டாக்களை வைத்தோம். காய்ச்சிய பாலைக் கேன்களில் ஊற்றி, முதலில் வெறும் ஆலங்கட்டியில் வைத்துச் சூடு தணித்தோம். பிறகு சுற்றிலும் புதிய கல்லை நிரப்பினோம். அப்பா உப்பு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். நான் முறத்தால் அள்ளி மேலே கொட்டினேன்.

உருகியது

கொட்டிய இடத்தில் ஆலங்கட்டி கடகடவென்று கரைந்து உள்ளே இறங்கியது. சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. கஷ்டப்பட்டு அள்ளிக்கொண்டு வந்ததை இந்தப் பெண் உப்பைப் போட்டுக் கெடுக்கிறாளே என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அப்பா என் காதருகே வந்தார். “உருகிப் போகுதே கண்ணு. நிறுத்திக்கலாமா?”

உருகத்தான் வேண்டும் என்று சொன்னேன். கல் உருக வேண்டுமென்றால் அதற்குச் சூடு தேவை. உப்பு அதை உருகச் சொல்லி விரட்டுகிறது. சூட்டுக்கு அது எங்கே போகும், பாலிலிருந்துதான் பிடுங்கியாக வேண்டும். சொல்லும்போது சரியாக இருந்தது. ஆனால் கேன்களைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தும், இருபது நிமிஷம் கழித்துத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. நன்றாகக் குளிர்ந்த பால்.

இரண்டு வருஷமாகக் கடையில் நின்றபோது வராத வெட்கம் எனக்கு அப்போது வந்தது. இது ஆகவில்லை என்றால் இனி என்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நானே என்னிடம் கேட்டுக்கொள்ள மாட்டேன். முத்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

போஜன் அண்ணன் ஃபாக்டரிக்குப் போய், இலை வாட்டுகிற அறையில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி எடுத்து வந்தார். அண்டாவின் மேற்பக்கம் வைத்தால் பாதரசம் நன்றாக இறங்கியது. அடியில் விட்டால் பூஜ்யத்திலேயே நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “மேல ஒரு கதை, கீழ ஒரு கதையா இருக்குதம்மா” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. உப்பைக் குவியலாக மேலே கொட்டியிருக்கிறேன். கல்லுப்பு வேறு பெரிது பெரிதாக, கரையாமல் அப்படியே கிடக்கிறது. கரையாத உப்பு எந்த வேலையும் செய்யாது. உடனே எல்லாவற்றையும் கவிழ்த்தோம். ஆட்டுக்கல்லிலும் உரலிலும் உப்பை இடிக்கச் சொன்னேன். மூன்று கூடை கல்லுக்கு ஒரு கூடை உப்பு என்று, ஒரு அடுக்குக் கல், ஒரு அடுக்கு உப்பு, மறுபடி கல். அள்ளியதில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, இன்னொரு தடவை தவறினால் அவ்வளவுதான்.

இந்தத் தடவை பாதரசம் எங்கே வைத்தாலும் இறங்கியது. பூஜ்யத்தைத் தாண்டி, அதற்குக் கீழே கோடு எதுவும் இல்லாத வெறும் கண்ணாடிக்குள் போய்விட்டது. போஜன் அண்ணன் அதை ஒவ்வொருவரிடமும் காட்டினார். அண்டாவின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. கேனைப் பிடித்திருந்தவர்கள் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள்.

மாமன் வந்தார்

சத்தம் கேட்டுப் பெருமாள் பின்பக்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். மறைக்க ஒன்றுமில்லை என்று முத்தம்மா நேராகச் சொல்லிவிட்டார். மரம் விழுந்தது, வண்டி வரவில்லை, நாங்களே செய்துகொண்டிருக்கிறோம்.

“உப்பப் போட்டா ஐஸ்கிரீம் செய்றீங்க?” என்று பெருமாள் கேட்டார். குரலில் இருந்தது கோபமா சந்தேகமா என்று தெரியவில்லை.

உப்பு வெளியேதான், உள்ளே போகாது என்று நான் விளக்கினேன். அவர் பாதி உருகிக் கிடந்த அண்டாவைப் பார்த்தார். இது வெறும் தண்ணீர், இதில் எப்படிக் குளிர் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுவிட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். கையை உதறினார், துண்டில் சுற்றினார், அக்குளில் வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லோரும் பட்டபாடு எனக்குத் தெரியும்.

முதலில் சிரித்தது அவர்தான். “தேவாலா மழையில முப்பது வருசம் நனஞ்சிருக்கேன். இப்பிடி ஒரு குளுரு பாத்ததில்ல” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கேனுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் தேவாலாக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்தக் கேன் பெண் வீடு, அந்தக் கேன் மாப்பிள்ளை வீடு என்று போட்டி வைத்துக்கொண்டு திருப்பினார்கள்.

போட்டியில் ஒரு சேதம் நடந்தது. பெருமாள் திருப்பிய வேகத்தில் கேனின் மூடி நகர்ந்து உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மணப்பெண் பார்வதி கழுத்து மாலையோடு பின்பக்கம் வந்து, ஆசையாக அந்தக் கேனிலிருந்துதான் முதலில் விரலால் வழித்து நக்கினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் புது மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பெருமாள் எழுந்து நின்று, கெடுத்தது நான்தான், இதை நானே சாப்பிடுகிறேன் என்று அறிவித்தார். இரண்டு கரண்டி சாப்பிட்டார். மூன்றாவது கரண்டிக்கு அவராலும் முடியவில்லை.

மற்ற மூன்று கேன்களும் நன்றாக வந்தன. கடையில் வாங்குவது போல வழவழப்பாக இல்லை, நறநறவென்று சின்னச் சின்ன ஐஸ் துகள் இருந்தது. ஆனால் கரண்டியை நட்டால் நின்றது. ஐந்தரை மணிக்குப் பந்தி. வெளியே ஆலங்கட்டியின் குளிர் இன்னும் தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரும் கம்பளியும் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க, எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பெருமாள் வரிசை வரிசையாகப் போய், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று உபசரித்தார். எந்த வீட்டுக்காரர் விருந்து வைக்கிறார் என்பதே மறந்துபோய்விட்டது.

அடுத்த வாரத்திலிருந்து லயத்துப் பிள்ளைகள் புத்தகத்தோடு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக் காம்பராவிலேயே மாலை வகுப்பு தொடங்கினேன். அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் பின்னால் தேவாலா வட்டாரத்தில், ஸ்ரீமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வேலை காலியாக இருக்கிறது என்று ஆள் அனுப்பிச் சொன்னவர் பெருமாள்.

இனிச் சொல்ல வேண்டியது அந்தச் சாயங்காலத்தில் கடைசியாக நடந்தது. உப்புத் தண்ணீரைத் தேயிலைச் செடிப் பக்கம் ஊற்றினால் வேர் கருகிவிடும் என்பதால், அண்டாக்களை ரோட்டோரக் கல் ஓடை வரை தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்தேன். பந்தி முடிந்திருந்தது. முத்தம்மா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சோறு சாப்பிட்டாராம். ஐஸ்கிரீமா, அதை வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தின்றதில்லையாம்.

கேனின் ஓரத்தைச் சுரண்டி ஒரு டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கம்பளியிலிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி வாங்கிக்கொண்டார். முதல் வாய்க்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பல் கூசியிருக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதுக்கா புள்ள அந்த மனுசன் அவ்வளவு சண்டை போட்டாரு?”

அவர் இன்னொரு வாய் எடுத்தார். அதை அவசரமில்லாமல் நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். டம்ளரின் அடியை விரலால் வழித்தார்.

“சண்டை போடலாம்” என்றார். “தப்பில்ல.”